‘காடி மாப்பிள்ளை’ என்னும் பெயர் வந்த வகை

என் மருமகனுக்கு எங்கள் உறவினரிடையே ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘காடி மாப்பிள்ளை’ என்பார்கள். காடி என்பது மலேசியத் தமிழர் பேச்சில் மகிழுந்தைக் குறிக்கும் சொல். தம்மிடம் மகிழுந்து இருப்பதாகப் பொய் சொல்லிப் பெண் கொண்டவர் என்பதே அப்பெயருக்குள் வைத்துச் சொல்லப்படும் பொருள். நேரில் எவரும் சொல்வதில்லை. அவர் இல்லாத இடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அண்மையில் அலோர் காஜாவில் நடந்த ஒரு மணவிழாப் பந்தியில், அவருடைய மகள், அதாவது என் பேத்தி, அருகில் இருப்பது அறியாமல் ஓர் இளைஞர் அக்கதையை மிக விரிவாகச் சொன்னார். வீடு திரும்பியதும் பேத்தி என்னிடம், “பாட்டி, அப்பா பொய் சொன்னாரா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஏன் எல்லாரும் சிரிக்கறாங்க?” என்றாள். அதற்கு ஓரிரு சொற்களில் விடை கூற இயலவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று என்னுடன் இருந்தவர் என் தம்பி. அவர் உயிரோடு இருந்தவரை, இக்கதையைச் சொல்பவர்களின் வீடு தேடிப் போய்த் திட்டிவிட்டு வருவார். இப்போது அவர் இல்லை. எங்கள் பக்கத்தில் நடந்தது அறிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என் கடன் ஆயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் வாழ்வில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. என் கணவர் நோயுற்றுச் சில கிழமைகளிலேயே மறைந்தார். மறு ஆண்டு எனக்கு ஓய்வு அகவை வந்தது. ரெம்பியாப் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன். பணி முடிந்ததும் பள்ளியை ஒட்டிய குடியிருப்பை ஒப்படைத்துவிட்டு, கிளேபாங்கில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். நானும் என் ஒரே மகளும். மாலையில் சாலையோரக் கடைகளில் இளநீரும் பொரித்த வாழைப்பழமும் விற்பார்கள். மகள் வேலை விட்டு வரும்போது ஏதேனும் ஒன்று வாங்கி வருவாள். இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உண்போம். அந்த நாள்களில் எனக்கு இருந்த ஒழுங்கு அது ஒன்றுதான்.

மகள் மலாக்கா நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு முகப்பில் பணிபுரிந்தாள். நீரிணைக்கு எதிர்க்கரையிலுள்ள சுமத்திராவிலிருந்து நோயாளிகள் விரைவுப் படகேறி மலாக்காவுக்கு வந்து மருத்துவம் பார்த்துச் செல்வது அப்போது மிகுந்த வழக்கம். அவ்வாறு வந்தவர்களுள் துமாய் என்னும் துறைமுக நகரைச் சேர்ந்த ஒரு தமிழ் அம்மையாரும் இருந்தார். கண்புரை நீக்க வந்தவர். மகன் துணைக்கு வந்திருந்தார். ஒரு கண் முடிந்து மறு கண்ணுக்கு வந்தார்கள். பிறகு கண்ணைச் சோதிக்க வந்தார்கள். பிறகு சோதிக்க வேண்டிய தேவை இல்லாதபோதும் மகன் மட்டும் வந்தார். அதன்பின் ஒரு நாள் மாலை, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே, துமாய்க்காரர்கள் வீட்டுக்கு வந்து பேச விரும்புகிறார்கள் என்று மகள் என்னிடம் சொன்னாள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு அகவை. வேண்டாம் என்று சொல்லத் தக்க குறை எதுவும் அப்பிள்ளையிடம் எனக்குத் தென்படவில்லை. ஆனால் இருவர் வாழும் வீட்டிலிருந்து ஒருத்தி கடல் கடந்து போனால், மற்றவள் தனித்து இருக்க வேண்டும். இதை நான் மகளிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வந்தார்கள். சுங்கை ரம்பாயிலிருந்து என் தம்பியும் வந்தார். எங்கள் வழக்கில் பெண்ணின் திருமணப் பேச்சு தாய்மாமன் இல்லாமல் நடவாது. தம்பி லாரி ஓட்டுநர். நான் தேர்ந்து பேசும் தமிழ் அவருக்குப் பெரிய வேடிக்கை.

பேச்சு பெரும்பாலும் மலாயிலேயே நடந்தது. அந்த அம்மையாரின் முன்னோர் தஞ்சைப் பக்கத்திலிருந்து சுமத்திராவின் மேடான் பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். அங்கே தமிழ்ப்பள்ளி நிலைக்கவில்லை. கடவுளை அழைக்கவும் சோறு கறி கேட்கவும் வேண்டிய தமிழே அவர்களிடம் எஞ்சியிருந்தது. பின்னர் குடும்பம் துமாய்க்குப் பெயர்ந்து துணிக்கடை வைத்தது. மற்றப் பேச்செல்லாம் அந்நாட்டு மொழி. அது மலாய்க்கு மிக நெருங்கிய உறவுடையது. அதனால் எங்களுக்குப் புரிந்தது, அல்லது புரிந்ததாக எண்ணிக்கொண்டோம்.

மாப்பிள்ளை வேலைக்கு எதில் போய்வருகிறார் என்று தம்பி கேட்டார். லாரி ஓட்டுபவர் வேறென்ன கேட்பார்? அந்த அம்மையார், “கெரேத்தா” என்றார். சொந்தமானது, கடன் இல்லாதது என்றும் சேர்த்துச் சொன்னார். எங்கள் மலாயில் கெரேத்தா என்றால் மகிழுந்து. அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஐந்து அகவைக் குழந்தையும் அறியும்.

அவர்கள் போனபின் தம்பி அடுக்களை வாயிலில் வந்து நின்றார்.

“அக்கா, சொந்தக் காடிலா. இங்க ஆபிஸ்ல வேல செய்யறவனே இன்னும் பஸ்ல தொங்கிட்டுப் போறான்.”

மகிழுந்து வைத்திருப்பது மட்டும் ஒருவருக்குத் தகுதி ஆகிவிடாது என்றேன்.

“நீங்க மகிழுந்துன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள காடி ஜொகூர் போய்ச் சேந்துரும்க்கா” என்றார் அவர்.

அந்த வாரம் முடிவதற்குள் செய்தி ரெம்பியாவுக்கும் சுங்கை ரம்பாய்க்கும் போய்ச் சேர்ந்தது. எங்கள் சுற்றத்தில் அந்நாளில் மகிழுந்து வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. தோட்டத்தில் என்னோடு நெடுநாள் பழகிய பெண்கள், மாப்பிள்ளை வண்டி என்ன நிறம் என்று என்னிடமே கேட்டார்கள். ஜப்பான் வண்டியா, நம் நாட்டு வண்டியா என்று அவர்களுக்குள் வாதும் நடந்தது. தம்பி எதையும் மறுக்கவில்லை.

பெண் கொடுக்கும் முன் பெண்வீட்டார் சென்று மாப்பிள்ளையின் வீட்டைப் பார்த்து வருவது எங்கள் வழக்கம். அங்கே வெற்றிலை பாக்குத் தட்டை வைத்து, அவர்கள் குடிக்கத் தருவதை வாங்கிக் குடித்தால் இசைவு என்று பொருள். குடிக்காமல் எழுந்தால் இசைவில்லை என்று பொருள். பெண் உடன் வரக் கூடாது. ஆகவே நானும் தம்பியும் போவதென முடிவாயிற்று.

நான் அதுவரை நாட்டு எல்லையைத் தாண்டியதே இல்லை. பிறந்தது முதல் நீரிணையின் கரையிலேயே வாழ்ந்திருக்கிறேன். தொலைவில் செல்லும் கப்பல்களை மாணவர்களுக்குக் காட்டி, அவை எந்நாட்டுக்குப் போகின்றன என்று பாடம் நடத்தியிருக்கிறேன். சிங்கப்பூருக்குக்கூடப் போனதில்லை. கணவருக்கு ஊர் சுற்றுவதில் நாட்டமில்லை. எனக்கும் பள்ளி இருந்தது. இப்போது ஐம்பத்தைந்து அகவை கடந்து முதன்முறையாகக் கடவுச்சீட்டு எடுத்தேன். அதிலுள்ள ஒளிப்படத்தில், தேர்வறையில் எவரையோ மேற்பார்வை செய்பவள் போல இருக்கிறேன்.

புறப்பட்ட நாளில் தட்டைத் தம்பி சுமந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள், ஒரு பெட்டி இனிப்பு. மேலே சிவப்புத் துணி கட்டியிருந்தது. படகில் குளிரூட்டி இருந்தது. நாற்காலிகள் பேருந்தில் உள்ளவை போலவே இருந்தன. பின்வரிசையில் சிலர் மருந்துப் பைகளோடு தத்தம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கரை மறைந்த பிறகு தம்பிக்கு ஓர் ஐயம் எழுந்தது. நாள்காட்டியில் நல்ல நேரம் பார்த்துத் தட்டு வைக்கும் நேரத்தைக் குறித்திருந்தார். ஆனால் எதிர்க்கரையில் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிவிட்டார். அப்படியானால் நல்ல நேரம் எந்தக் கடிகாரப்படி என்பது அவருடைய கேள்வி. கதிரவனைக் கொண்டே நேரம் கணிக்கப்படுகிறது, கடிகாரத்தைக் கொண்டன்று என்று விளக்கினேன். அவர் சிறிது எண்ணிப் பார்த்து, இரண்டு கடிகாரத்துக்கும் பொதுவான நல்ல நேரம் அரை மணி கிடைக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் என்றார்.

துமாய்ப் படகுத்துறையில் சுங்க அலுவலர் தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். என் கடவுச்சீட்டில் முதல் முத்திரை விழுந்தது. வெளியே வந்தோம். வெயில் கடுமையாக இருந்தது. மாப்பிள்ளை மலர்ந்த முகத்தோடு காத்திருந்தார். அவருடன் ஒரு நண்பரும் இருந்தார். அவர்களுக்குப் பின்னால் இரண்டு உந்துருளிகள் நின்றன. இரு சக்கர மோட்டார் வண்டிகள். ஒன்று புதிது, நன்றாகத் துடைக்கப்பட்டிருந்தது.

தம்பி இடமும் வலமும் பார்த்தார். கெரேத்தா எங்கே என்று மலாயில் கேட்டார். மாப்பிள்ளை அந்தப் புது உந்துருளியின் இருக்கையைக் கையால் தட்டி, இதுதான் மாமா என் கெரேத்தா, வாங்கி நான்கு மாதந்தான் ஆகிறது என்றார். அவர் குரலில் பெருமிதம் இருந்தது.

தம்பி என் பக்கம் திரும்பினார். “அக்கா, பாத்தீங்களா. மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றான். அதும் கூச்சமே இல்லாம.”

மாப்பிள்ளைக்கு இத்தமிழ் புரியவில்லை. புன்னகை மாறாமல் நின்றார். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று தம்பி துறை ஊழியரிடம் கேட்கப் போனார். பிற்பகலில்தான் என்றார்கள்.

அப்போது எனக்குள் எழுந்தது சினமன்று. நீண்ட நேரம் சுமந்திருந்த பையைக் கீழே வைத்தாற்போன்ற ஓர் ஆறுதல். பொய் சொன்ன குடும்பம், ஆகவே பெண் கொடுப்பதற்கில்லை. இது எவரும் ஒத்துக்கொள்ளும் காரணம். மகளும் மறுத்துப் பேச இயலாது. அவள் சில மாதம் வருந்துவாள். பிறகு வழக்கம்போல மாலையில் வேலை விட்டு வருவாள். இவ்வளவும் அந்த வெயிலில் நின்றபடியே என் உள்ளத்தில் ஓடி முடிந்தது.

ஆயினும் படகுத்துறையில் நின்று உறவை முறிப்பது முறையன்று. வீடு வரை போவோம், நீர் அருந்தாமல் எழுந்து வருவோம், அதுவே போதிய விடை என்று தம்பியிடம் சொன்னேன். அந்த உந்துருளியில் ஏற மாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார். புடவையில் நானும் அவ்வாறு ஏற இயலாது. மாப்பிள்ளை ஓடிப்போய், பக்கவாட்டில் இருக்கை பொருத்திய ஒரு மோட்டார் பேச்சாவை அழைத்து வந்தார். மலாக்காவில் வெளிநாட்டவர் அமர்ந்து ஊர் சுற்றும் மூன்று சக்கர வண்டியை ஒத்தது அது. நானும் தம்பியும் தட்டும் அதில் நெருக்கிக்கொண்டு அமர்ந்தோம்.

“பேச்சால போறதுக்கா நான் புதுச் சட்டை தச்சேன்” என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் தம்பி.

அவர்கள் வீடு துணிக்கடைக்குப் பின்புறம் இருந்தது. துப்புரவாக இருந்தது. சுவரில் முருகன் படம், அதற்குப் புதிதாகக் கட்டிய பூச்சரம். மாப்பிள்ளையின் தந்தை எழுந்து கைகூப்பிவிட்டு மீண்டும் அமர்ந்துகொண்டார். பேசவில்லை. அந்த அம்மையார்தாம் பேசினார். எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, உங்கள் புடவையின் கரை வண்ணம்கூடத் தெரிகிறது, எல்லாம் உங்கள் ஊர் மருத்துவரால் என்று மலாயில் மகிழ்ந்தார். என் கையைப் பிடித்து அமர்த்தினார். தட்டைத் தம்பி தம் மடியிலேயே வைத்திருந்தார். கீழே வைக்கவில்லை. குளம்பி வந்தது, தம்பி சொல்லும் காப்பி. அவர் தொடவில்லை. நானும் தொடவில்லை.

அவர்களுக்கு அது விளங்கவில்லை. சர்க்கரை போதவில்லையோ என்று எண்ணி இன்னும் கொண்டு வந்தார்கள்.

பேச்சை முடித்துவிடும் நோக்கத்தோடுதான் தம்பி அக்கேள்வியைக் கேட்டார் என்று நினைக்கிறேன். அக்கா கணவரை இழந்தவர், ஒரே மகள், நாளை அப்பெண்ணுக்குத் தாயைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்வாள் என்று மலாயில் கடுமையாகவே கேட்டார்.

அந்த அம்மையார் குளம்பிச் செம்பை ஏந்தியபடி, கடல் இருந்த திசை நோக்கிக் கையை ஒரு வீச்சு வீசி, சிரித்துக்கொண்டே ஒரு சொல் சொன்னார்.

“கம்பாங்.”

இச்சொல்லை எழுதவே தயங்குகிறேன். எனினும் இக்குறிப்பின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. எங்கள் நாட்டு மலாயில் இது தகப்பன் பெயர் அறியாதவனைச் சுட்டும் வசைச்சொல். லாரிப் பட்டறைகளில்கூட இதைச் சொன்னால் கைகலப்பு வரும்.

தட்டை அணைத்தபடி தம்பி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “எழுந்திருங்கக்கா. பொய்யும் சொல்லி ஏசவும் ஏசறாங்க. இன்னும் என்ன இருக்கு இங்க?”

நானும் எழுந்துவிட்டேன். எழுந்தபோது அந்த அம்மையாரின் முகத்தைக் கண்டேன். வசை சொன்னவர் முகம் எவ்வாறு இருக்கும் என்பதை முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் பார்த்தவள் நான். சொல்லிய பிள்ளை அடுத்து வரப்போவதை எண்ணி உதட்டை இறுக்கும். இவரோ செம்பையும் தம்பியின் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். சூடான குளம்பி தெறித்துவிட்டதோ என்று தேடினார். அந்தச் சொல்லும் அந்த முகமும் ஒரே வாக்கியத்தைச் சேர்ந்தவையாக இல்லை.

ஒரு சொல் கேட்டால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. கேட்காமல் வாயிலைத் தாண்டினாலும் போதும் என்பதும் தெரிந்தது. தம்பி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் என்ன விடை வரும் என்பதை நான் ஓரளவு உணர்ந்தே நின்றேன். அவ்விடை எனக்கு உவப்பானதாக இராது என்பதையும் உணர்ந்திருந்தேன். என் மகளின் வாழ்வை, பொருள் விளங்காத ஒரு சொல்லின்மேல் வைத்து முடிப்பதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

மாப்பிள்ளையிடம் திரும்பி, உங்கள் ஊரில் இச்சொல்லுக்கு என்ன பொருள் என்று மலாயில் கேட்டேன்.

எளிது என்று பொருள், என்றார் அவர். காலையில் படகேறினால் உச்சிப் பொழுதுக்குள் தாயின் வீட்டில் இருக்கலாம், அதைத்தான் அம்மா சொன்னார்.

தம்பி ஒரு காலில் செருப்போடு நின்றார்.

கெரேத்தா என்றால்? என்று கேட்டேன். மாப்பிள்ளை வாயிலில் நின்ற உந்துருளியைக் காட்டினார். நான்கு சக்கரம் உடையதை எவ்வாறு அழைப்பீர்கள் என்று கேட்டேன். “மோட்டோர்” என்றார். மேடான் பக்கத்துப் பேச்சு வழக்கு அதுதானாம். குடும்பம் துமாய்க்கு வந்தபோது அப்பேச்சும் உடன் வந்திருக்கிறது. எங்கள் ஊரிலோ மோட்டோர் என்றால் உந்துருளி. கடலின் இருபுறமும் அதே இரு சொற்கள் இடம் மாறி அமர்ந்திருந்தன.

தம்பி விழுந்த நாற்காலியைத் தாமே தூக்கி நிறுத்தி அதில் அமர்ந்தார். “அங்க கெரேத்தான்னா காடி. இங்க கெரேத்தான்னா மோட்டோரு. யாருலா இப்படி மாத்தி வச்சது?” என்று பொதுவாகக் கேட்டார்.

அதுவரை வாய் திறவாதிருந்த மாப்பிள்ளையின் தந்தை, தமிழிலேயே விடை சொன்னார். “ஒங்களுக்கு ஒரு வெள்ளக்காரன். எங்களுக்கு வேற வெள்ளக்காரன்.” எங்களை ஆண்டவர் ஆங்கிலேயர், அவர்களை ஆண்டவர் டச்சுக்காரர்.

தம்பி சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பாக்கு உருண்டது. கம்பாங் என்பதற்கு மலாக்காவில் என்ன பொருள் என்பதை, மாப்பிள்ளை தாயின் காதருகே சென்று சொன்னார். அவர் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, கட்டு அவிழ்த்த அன்று வலித்ததா என்று கேட்ட மருத்துவரிடம் இதே சொல்லைத்தான் மூன்று முறை சொன்னேனே என்றார். அவர் அன்று ஏன் பேசாமல் போய்விட்டார் என்பது இப்போதுதான் தெரிகிறது என்றார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளம்பியை எடுத்துக் குடித்தார். தட்டைக் கீழே வைத்தார். பின்னர், மாப்பிள்ளையின் புது வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சாவி கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

நான் இன்னும் குளம்பியைத் தொடவில்லை.

அந்த அம்மையார் அதைக் கவனித்துவிட்டார். என் எதிரே தரையில் வந்து அமர்ந்தார். முன்பே எண்ணி வைத்திருந்த தமிழ் போலும். மெல்லச் சொன்னார்.

“அக்கா, பொண்ணு குடு. நான் பாத்துக்கும்.”

இப்போது என்னிடம் சொல்லத்தக்க காரணம் எதுவும் மிஞ்சவில்லை. பொய் இல்லை. வசை இல்லை. துணைக்கு நின்ற தம்பி தெருமுனையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். மிஞ்சியிருந்தது, நான் எவரிடமும் சொல்லாத அந்த ஒன்று மட்டுமே. அதை ஒரு பெண்ணைத் தடுத்து நிறுத்தும் ஏதுவாக எவர் முன்னும் வைக்க முடியாது. மகள் முன் வைத்தால் அவள் நின்றுவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனாலேயே வைக்கக் கூடாது.

மாப்பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேட்டேன். என் மகள் இவ்வீட்டில் தமிழ் பேசுவாள், பிள்ளைகளிடமும் பேசுவாள், அதற்கு எவரும் முகம் சுளிக்கக் கூடாது. அவர், “நானும் கத்துக்கும் மாமி” என்றார்.

இத்தகைய தருணத்துக்கென நான் நல்ல தமிழில் சில வாக்கியங்களை முன்பே அமைத்து வைத்திருந்தேன். ‘எங்கள் குலக்கொடியை உங்கள் இல்லத்துக்கு உவந்தளிக்கிறோம்’ என்று தொடங்கும். தொடங்கினேன். தாயும் தந்தையும் மகனும் வீட்டுப்பாடம் செய்யாத மாணவர் போல என்னைப் பார்த்தார்கள். பாதியில் நிறுத்தினேன். என் வாழ்நாளில் தலையாய செய்தி எதையும் நான் மலாயில் சொன்னதில்லை. தமிழ் வகுப்பில் மலாய்ச் சொல் கலந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். ஆனால் என் மகளைப் பற்றிய இச்சொல்லை இவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்டு நிறைவடைவதற்காக அதைச் சொல்வதில் பயனில்லை.

ஆனால் இதுவும் இடம் மாறிய சொல்லாக இருந்துவிட்டால் என்ன செய்வது? மாப்பிள்ளையை அருகே அழைத்தேன். “ஸெத்துஜு” என்றால் எங்கள் ஊரில் இசைவு என்று பொருள், உங்கள் ஊரில் என்ன பொருள் என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அதே பொருள்தான் என்றார். உறுதியாகவா என்றேன். உறுதியாக என்றார்.

பிறகு அந்த அம்மையாரின் பக்கம் திரும்பி, “சாயா ஸெத்துஜு” என்றேன். எனக்கு இசைவு.

ஆறிப்போயிருந்த குளம்பியைக் குடித்தேன். அவர் என் கையை விடவில்லை. தம்பி வியர்வையோடு உள்ளே வந்து, “வண்டி நல்லா இழுக்குதுக்கா” என்றார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு கடிகாரத்துக்கும் பொதுவான நல்ல நேரம் கடந்துவிட்டதா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பிற்பகல் படகில் திரும்பினோம். மகள் மலாக்காத் துறையில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தவள், பிறகு தம்பியின் கையைப் பார்த்தாள். தட்டு இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. வீடு செல்லும் வழியில் மகிழுந்துச் செய்தியைச் சொன்னேன். அவர் எதில் போகிறார் என்று நான் கேட்டதே இல்லையே அம்மா என்றாள். அது எனக்குப் புதுமையாக இருந்தது. எங்கள் சுற்றம் முழுதும் கேட்ட ஒரே கேள்வி அது.

திருமணம் மலாக்காவிலேயே நடந்தது. மாப்பிள்ளையின் உந்துருளிச் செய்தியைத் தம்பி எல்லாருக்கும் விளக்கினார். விளக்கத்தைவிட முதலில் கேட்ட செய்தியே எல்லாருக்கும் சுவையாக இருந்தது. மகள் துமாய்க்குப் போனாள். நான் கிளேபாங்கில் தனித்து இருந்தேன். அந்த அம்மையார் சொன்னதுபோல் அது எளிதாக இருக்கவில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்கள் உண்டு. காட்டுத்தீயின் புகை நீரிணையை மூடி, படகு நின்றுபோன நாள்கள் உண்டு. முதல் பேத்தி பிறந்தபோது நான் போய்ச் சேர்வதற்குள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆயினும் போய்வந்தேன். பேத்தி தமிழ் பேசுகிறாள். என் மருமகனும் பேசுகிறார். ‘பாத்துக்கும்’ என்பதை ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று திருத்தச் சில ஆண்டுகள் முயன்றேன். பிறகு விட்டுவிட்டேன். சொன்னபடி பார்த்துக்கொண்டார்கள்.

நடந்தது இவ்வளவே. நினைவிலிருந்து எழுதியதால் பிழைகள் இருக்கக்கூடும். சிறப்பாக, சுமத்திராவின் சொற்களை நான் காதால் கேட்டபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அவற்றின் ஒலிப்பிலோ பொருளிலோ தவறு இருந்தால், மேடான், துமாய் வழக்குகளை அறிந்தவர்கள் எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். அக்காலப் படகுப் போக்குவரவையும், மாப்பிள்ளை வீட்டில் தட்டு வைக்கும் முறையையும் என்னினும் நன்கறிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களும் கண்ட குறையைத் தயங்காமல் சுட்டிக்காட்டலாம். திருத்திக்கொள்வேன்.